இயற்கையில் பரிணாமத்தை எப்படி ஆராய்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரிணாமம் என்றதும் பலருக்கும் டைனோசர் எலும்புதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களில் பலர் உயிரோடு இருக்கும் குருவியையும் மீனையும் செடியையும்தான் அளந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு மாற்றம் நடந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஓரளவு எளிது. அதற்குக் காரணம் இதுதான் என்று காட்டுவதில்தான் பெரும்பாடு. அதனால் கீழே உள்ள பதில்களில் அந்தப் பகுதிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பரிணாமம் நடக்க லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகுமே! ஒரு மனித ஆயுளுக்குள் அதைப் பார்க்க முடியுமா?

முடியும். பார்த்தும் இருக்கிறார்கள், அளந்தும் இருக்கிறார்கள்.

பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்று ஆள் வசிக்காத சின்னத் தீவு ஒன்று உண்டு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973-இல் அங்கே ஆய்வைத் தொடங்கினார்கள். ஃபிஞ்ச் குருவிகளை வலையில் பிடித்து, காலில் நிற வளையம் மாட்டி, அலகின் நீளம், அகலம், தடிமன் எல்லாவற்றையும் அளந்து திரும்ப விட்டுவிடுவார்கள். எது எதோடு ஜோடி சேர்ந்தது, எத்தனை குஞ்சு பொரித்தது, எது எப்போது காணாமல் போனது என்று ஆண்டு தவறாமல் பதிவு செய்தார்கள்.

1977-இல் மழை பொய்த்தது. மெல்லிய சிறு விதைகள் முதலில் தீர்ந்துபோயின. மிஞ்சியவை பெரிய, கெட்டியான விதைகள். நெருஞ்சி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் முள் காய்களும் அவற்றில் சேர்த்தி. தீவில் சுமார் 1,200 இருந்த நடுத்தரத் தரை ஃபிஞ்ச்களில் இருநூறுக்கும் குறைவானவையே பிழைத்தன. பிழைத்தவற்றின் அலகு, பஞ்சத்துக்கு முந்தைய சராசரியைவிட அரை மில்லிமீட்டர் அளவு தடிமனாக இருந்தது. அவற்றுக்குப் பிறந்த குஞ்சுகளின் அலகும் பழைய சராசரியைவிட ஏறத்தாழ 4 சதவீதம் பெரிது.

அரை மில்லிமீட்டரை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பஞ்சத்துக்கு முன்பே ஒவ்வொரு குருவியையும் அளந்து வைத்திருந்ததால்தான் அது தெரியவந்தது. காயை உடைக்க முடிந்த குருவிக்கும் முடியாத குருவிக்கும் நடுவே இருந்தது அந்த அளவு வித்தியாசம்தான்.

சூழலுக்கு ஏற்ப ஓர் உயிர் மாறினால் அதுதானே பரிணாமம்?

இல்லை. ஒரு தனி உயிர் தன் வாழ்நாளில் மாறுவது வேறு. மலை உச்சியில் ஒரு செடி குட்டையாக இருந்தால், குளிராலும் காற்றாலும் அது அப்படி வளர்ந்திருக்கலாம். அதே விதை கீழே முளைத்திருந்தால் நெட்டையாக வளர்ந்திருக்கும். பரிணாமம் என்று சொல்ல வேண்டுமானால் அந்தக் குட்டைத்தனம் மரபுவழி வருவதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட செடிகளின் பங்கு தலைமுறைக்குத் தலைமுறை கூடவோ குறையவோ வேண்டும். மாறுவது கூட்டம்தான், தனி ஆள் இல்லை.

இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது: வெவ்வேறு இடத்துச் செடிகளை ஒரே தோட்டத்தில் வளர்ப்பது. கலிபோர்னியாவில் ஜென்ஸ் கிளவுசன், டேவிட் கெக், வில்லியம் ஹீசி மூவரும் இதைப் பெரிய அளவில் செய்து 1940-களில் முடிவுகளை வெளியிட்டார்கள். கடல் மட்டத்தை ஒட்டி ஒரு தோட்டம், மலையின் இடைப்பகுதியில் ஒன்று, சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் ஒன்று. ஒரே செடியைப் பிரித்து மூன்று இடத்திலும் நட்டார்கள். உச்சியிலிருந்து வந்த செடி கீழே நட்டபோதும் தாழ்நிலச் செடி அளவுக்கு உயரவில்லை. தாழ்நிலச் செடிகள் பலவும் உச்சித் தோட்டத்தின் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. சூழலுக்கும் பங்கு இருந்தது, மரபுக்கும் பங்கு இருந்தது. எது எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்க முடிந்தது.

பறவைகளில் இதற்குச் சமமான உத்தி, ஒரு கூட்டின் முட்டையையோ குஞ்சையோ இன்னொரு கூட்டுக்கு மாற்றி வைப்பது. கனடாவின் மாண்டார்ட்டே தீவில் பாடும் குருவிகளிடம் இதைச் செய்து 1980-இல் வெளியிட்டார்கள். வளர்ந்த குஞ்சுகளின் அலகு பெற்றோரை ஒத்திருந்தது, வளர்த்தவர்களை இல்லை. தீனியாலோ வளர்ப்பாலோ வந்த ஒற்றுமை அது இல்லை என்று அதோடு உறுதியானது.

இயற்கையிலேயே சோதனை செய்ய முடியுமா, இல்லை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானா?

செய்ய முடியும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை டிரினிடாட் தீவின் ஓடைகளில் நடந்தது. அங்கே அருவிகள் ஓடைகளைத் துண்டு துண்டாகப் பிரிக்கின்றன. அருவிக்குக் கீழே கப்பி மீன்களைத் தின்னும் பைக் சிக்லிட் என்ற பெரிய மீன் உண்டு. அருவிக்கு மேலே அது ஏற முடியாது. அங்கே இருப்பது ரிவுலஸ் என்ற சிறு மீன்தான், அதனால் ஆபத்து குறைவு. கீழே உள்ள ஆண் கப்பிகள் மங்கலாக இருக்கின்றன, மேலே உள்ளவை வண்ணப் புள்ளிகளோடு இருக்கின்றன.

பளிச்சென்ற ஆணைப் பெண் விரும்புகிறது, எதிரியும் அதையே முதலில் பார்க்கிறது. இதுதான் காரணமா என்று சோதிக்க ஜான் எண்ட்லர் 1976-இல் எதிரிகள் நிறைந்த ஓர் இடத்திலிருந்து கப்பிகளை எடுத்து, அதுவரை கப்பியே இல்லாத, ரிவுலஸ் மட்டும் வாழ்ந்த ஒரு கிளை ஓடையில் விட்டார். இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே இருந்த ஆண்களுக்குப் புள்ளிகள் கூடியிருந்தன. பின்னால் டேவிட் ரெஸ்னிக் இதே போன்ற இடமாற்றங்களில் வேறொன்றைக் கவனித்தார். எதிரி குறைந்த இடத்தில் மீன்கள் தாமதமாக, பெரிய உடலோடு முதிர்ந்தன. ஆய்வகத்தில் ஒரே சூழலில் இரண்டு தலைமுறை வளர்த்தபோதும் அந்த வித்தியாசம் மறையவில்லை. போன கேள்வியில் சொன்ன அதே தோட்ட உத்திதான் இங்கே மீன் தொட்டியில்.

ஒரு பண்பைத் தகவமைப்பு என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பிழைக்கவோ பெருகவோ உதவியதால் தலைமுறைகளாக நிலைத்த பண்புதான் தகவமைப்பு. துறைக்குள்ளேயே நீண்ட காலம் வாதம் நடந்த கேள்வி இது. எந்த உறுப்பைக் காட்டினாலும் அது எதற்காக உருவானது என்று ஒரு கதை சொல்லிவிடலாம். ஸ்டீபன் ஜே கூல்ட், ரிச்சர்ட் லெவோன்டின் இருவரும் 1979-இல் எழுதிய கட்டுரையில் இந்தப் பழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார்கள். சில பண்புகள் வேறொன்றின் பக்கவிளைவாக வந்திருக்கலாம். சில தற்செயலாக நிலைத்திருக்கலாம். அந்தக் கண்டனம் துறைக்கு நன்மையே செய்தது என்பது என் கருத்து. அதன் பிறகு "பயன்படும் போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டு நகர்வது கடினமாகிவிட்டது.

சரி, நிரூபிக்க என்ன வழி? ஒன்று, பண்பையே மாற்றிப் பார்ப்பது. நீளவால் விதவைப் பறவை என்று ஆப்பிரிக்காவில் ஓர் இனம். ஆணின் வால் ஏறக்குறைய அரை மீட்டர். அத்தனை நீளம் பெண்ணை ஈர்க்கவா என்று அறிய மால்டே ஆண்டர்சன் கென்யாவில் சில ஆண்களின் வாலை வெட்டிக் குட்டையாக்கினார். வெட்டிய இறகை வேறு சில ஆண்களுக்கு ஒட்டி வாலை நீளமாக்கினார். இன்னும் சிலவற்றின் வாலை வெட்டி அதே நீளத்துக்குத் திரும்ப ஒட்டினார். இந்த மூன்றாவது குழு இல்லாவிட்டால் சோதனைக்கு மதிப்பே இல்லை. வெட்டுவதும் பசையும் பறவையைப் பாதித்ததா, வால் நீளம் பாதித்ததா என்று அந்தக் குழுதான் சொல்லும். வால் நீட்டப்பட்ட ஆண்களின் எல்லையில் பெண்கள் கட்டிய புதுக் கூடுகள் அதிகம். 1982-இல் இது வெளியானது.

இன்னொரு வழி, பண்பு வேலை செய்யும் விதத்தை நேரடியாகப் பார்ப்பது. 2017-இல் காலின் டோனிஹ்யூவின் குழு டர்க்ஸ் கைகோஸ் தீவுகளில் அனோல் பல்லிகளை அளந்து முடித்த சில நாட்களில் இர்மா புயலும், அதைத் தொடர்ந்து மரியா புயலும் அடித்தன. சில வாரங்களில் திரும்பிப் போய் அளந்தபோது, மீந்திருந்த பல்லிகளுக்குச் சராசரியாக விரலடி மெத்தை பெரிதாகவும் முன்கால் நீளமாகவும் பின்கால் குட்டையாகவும் இருந்தன. பற்றிக்கொள்ள மெத்தையும் முன்காலும் உதவும், சரி. பின்கால் ஏன் குட்டை? இலைகளை ஊதித் தள்ளும் இயந்திரத்தின் முன் ஒரு குச்சியில் பல்லியை உட்கார வைத்து, பின்னால் வலை கட்டி, காற்றை மெல்ல மெல்லக் கூட்டினார்கள். முன்காலால் இறுகப் பிடித்துக்கொண்ட பல்லிகளின் பின்கால் வெளியே நீட்டிக்கொண்டு காற்றை வாங்கியது. நீளமான தொடை என்றால் காற்று அதிகமாக இழுக்கும். அளவுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த விளக்கம் கிடைத்திருக்காது. செத்த பல்லிகளை யாரும் தேடி எடுத்து அளக்கவில்லை என்ற குறை இருக்கிறது. ஆனால் புயல் அதிகம் தாக்கும் தீவுகளில் பல்லிகளின் மெத்தை பெரிதாக இருப்பதை அதே குழு 2020-இல் காட்டியது, வாதத்துக்கு அது பலம் சேர்த்தது.

கறுப்பு அந்துப்பூச்சிக் கதை பொய் என்று சொல்கிறார்களே?

பொய் இல்லை. இங்கிலாந்தில் தொழிற்சாலைப் புகையால் மரங்கள் கறுத்தபோது மிளகுப் புள்ளி அந்துப்பூச்சியின் கறுப்பு வகை பெருகியது. வெளிர் வகையைப் பறவைகள் எளிதில் கண்டு தின்றன. 1950-களில் பெர்னார்ட் கெட்டில்வெல் செய்த சோதனைகளில் குறை இருந்தது உண்மை. பூச்சிகள் இயல்பாக அமராத இடங்களில், இயல்பைவிட நெருக்கமாக விட்டார் என்று விமர்சனம் எழுந்தது. அதற்காகவே மைக்கேல் மஜெரஸ் 2001 முதல் 2007 வரை, அந்தக் குறைகளை நீக்கி, கேம்பிரிட்ஜில் 4,864 பூச்சிகளை வைத்து மறுபடி செய்தார். அப்போது மரங்கள் சுத்தமாகிவிட்டிருந்தன. பறவைகள் கறுப்பு வகையையே அதிகம் தின்றன, எதிர்பார்த்தபடி. அவர் மறைந்த பின், 2012-இல் சக ஆய்வாளர்கள் முடிவை வெளியிட்டார்கள். 2016-இல் கறுப்பு நிறத்துக்குக் காரணமான டிஎன்ஏ துண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அது நுழைந்த காலம் 1819-ஐ ஒட்டி இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தொழிற்புரட்சியோடு அது பொருந்துகிறது.

எல்லாம் தற்செயலாகவும் நடந்திருக்கலாமே?

நடந்திருக்கலாம். சின்னக் கூட்டத்தில் எந்தக் காரணமும் இல்லாமலே ஒரு மரபணு வகை பெருகலாம், அழியலாம். இதை மரபணு நகர்வு என்கிறார்கள். ஆகவே எந்த ஆய்வும் முதலில் இந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மொசாம்பிக்கின் கோரங்கோசா பூங்காவில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் தந்தத்துக்காக யானைகள் கொல்லப்பட்டு, பத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. போருக்கு முன் பெண் யானைகளில் தந்தம் இல்லாதவை சுமார் 18 சதவீதம், போருக்குப் பின் சுமார் 51 சதவீதம். வெறும் அதிர்ஷ்டத்தால் இப்படி ஆகுமா என்று கணினியில் மாதிரி ஓட்டிப் பார்த்தார்கள். ஆக வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று வந்தது. அப்புறம் மரபணுவைத் தேடினார்கள். தந்தமின்மை எக்ஸ் நிறப்புரியோடு தொடர்புடையது என்றும், ஆண் கருவுக்கு அது உயிர் போகும் அளவு கெடுதல் என்றும் தெரிந்தது. தந்தமில்லாத ஆண் யானைகள் அங்கே காணப்படாததற்கு அதுவே விளக்கம். 2021-இல் வெளியான இந்த ஆய்வைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. வேட்டைக்காரர்களிடமிருந்து தாயைக் காப்பாற்றிய அதே மரபணு, அதன் ஆண் குட்டிகளில் ஒரு பகுதியைப் பிறக்கும் முன்பே கொன்றுவிடுகிறது.

தற்செயலை விலக்க இன்னொரு நல்ல வழி, ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப நடக்கிறதா என்று பார்ப்பது. பனியுகம் முடிந்தபின் கடலில் இருந்த முள்முதுகு மீன்கள் வடக்கே நூற்றுக்கணக்கான ஏரிகளில் போய்த் தங்கின. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஏரிகளிலும் அவை பக்கவாட்டுக் கவசத் தகடுகளை இழந்தன, பெரும்பாலும் ஈடிஏ என்ற அதே மரபணுவின் வழியாக. ஒரு ஏரியில் நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். இத்தனை ஏரிகளில் நடந்தால் விட முடியாது.

ஓர் ஆய்வுக்கு ஏன் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன?

இயற்கைத் தேர்வின் திசையே, அதாவது எந்தப் பண்பு உள்ளவை பிழைத்துப் பெருகும் என்பதே, மாறிக்கொண்டிருப்பதால். டாஃப்னே மேஜரில் 1977-இல் பெரிய அலகு வென்றது என்று பார்த்தோம். 1983-இல் எல் நினோவால் மழை கொட்டியது, சிறு விதைச் செடிகள் மண்டின, அடுத்த வறட்சியில் சிறிய அலகுகள் பிழைத்தன. 1977-ஐ மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தால், அலகு பெருத்துக்கொண்டே போகும் என்று எழுதியிருப்பார்கள்.

ஸ்காட்லாந்தின் ஹிர்டா தீவில் வாழும் சோய் ஆடுகள் இதைவிடப் புதிர். 1985 முதல் அவற்றைத் தனித்தனியாகப் பின்தொடர்கிறார்கள். பெரிய ஆடுகள்தான் அதிகம் பிழைக்கின்றன, ஆனால் சராசரி உடல் அளவோ குறைந்துகொண்டு வந்தது. 2009-இல் வெளியான பகுப்பாய்வு, சுற்றுச்சூழலின் விளைவே இதில் பெரிது என்றது. குளிர்காலம் மிதமானதால் முன்பு செத்திருக்கக்கூடிய, மெதுவாக வளரும் குட்டிகளும் பிழைத்துக்கொள்கின்றன. தேர்வு ஒரு பக்கம் இழுக்க, சூழல் மறுபக்கம் இழுக்கிறது. பல பத்தாண்டுத் தரவு இல்லாவிட்டால் இந்த இரண்டையும் பிரித்திருக்கவே முடியாது.

பரிணாமம் என்றால் மேம்பாடுதானே?

அப்படி எந்தத் திட்டமும் இல்லை. ஹவாயின் காவாய் தீவில் ஆண் சிள்வண்டுகள் பாடிப் பெண்ணை அழைக்கும். அந்தப் பாட்டைக் கேட்டு ஓர் ஒட்டுண்ணி ஈயும் வந்து அவற்றின் மேல் புழுக்களை விட்டுவிடும், புழுக்கள் வண்டை உள்ளிருந்து தின்னும். சுமார் இருபது தலைமுறைகளுக்குள் பெரும்பாலான ஆண்கள் இறக்கையில் ஒலி எழுப்பும் அமைப்பையே இழந்து ஊமையாகிவிட்டதை மார்லின் ஸுக்கின் குழு 2006-இல் அறிவித்தது. ஒரு திறமை போனதுதான் அங்கே தகவமைப்பு.

ஆய்வகச் சோதனைகளால் இயற்கையைப் பற்றி ஏதாவது தெரியுமா?

கடந்த காலத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் வசதி ஆய்வகத்தில்தான் இருக்கிறது. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் ஈ. கோலை பாக்டீரியாவைப் பன்னிரண்டு குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். தினமும் கொஞ்சத்தைப் புதுக் குடுவைக்கு மாற்ற வேண்டும். 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரியை உறைய வைப்பார்கள். இப்போது 75,000 தலைமுறைகளைத் தாண்டிவிட்டது. 31,000 தலைமுறைகளைக் கடந்த பிறகு, பன்னிரண்டில் ஒரே ஒரு குடுவையில் இருந்தவை காற்றுள்ள சூழலிலும் சிட்ரேட் என்ற வேதிப்பொருளை உணவாகக் கொள்ளும் திறனைப் பெற்றன. உறைந்த முன்னோர்களை எழுப்பி மறுபடி வளர்த்தபோது, ஒரு கட்டத்துக்குப் பிந்தைய மாதிரிகளிலிருந்துதான் அந்தத் திறன் மறுபடி வந்தது. முதலில் வேறு மாற்றங்கள் வந்து வழி திறந்திருக்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்தது.

ஆனால் குடுவையில் ஒட்டுண்ணி இல்லை, வறட்சி இல்லை, துணை தேடும் வேலை இல்லை. அதனால் ஆய்வகமும் களமும் சேர்ந்தே வேண்டும்.

முன்னோர்களை எழுப்புவது காட்டு உயிர்களிலும் முடியுமா?

விதைகளில் முடியும். ஸ்டீவன் ஃபிராங்க்ஸும் சக ஆய்வாளர்களும் கலிபோர்னியாவில் காட்டுக் கடுகு இனம் ஒன்றின் விதைகளை 1997-இல் சேகரித்தவையும், கடும் வறட்சிக்குப் பின் 2004-இல் சேகரித்தவையும் எடுத்து ஒன்றாக வளர்த்தார்கள். வறட்சியைக் கடந்த தலைமுறை முன்னதாகப் பூத்தது, ஓர் இடத்துச் செடிகளில் எட்டு நாட்களுக்கும் மேலாக. இரண்டையும் கலந்து உண்டான செடிகள் நடுவில் பூத்தன. வித்தியாசம் மரபிலிருந்து வந்தது என்பதற்கு இது நல்ல ஆதாரம். ஏரிச் சேற்றில் புதைந்து கிடக்கும் டாஃப்னியா என்ற நீர்ப்பூச்சியின் முட்டைகளையும் இப்படிப் பொரிய வைத்து, முன்பு வாழ்ந்தவற்றை இன்றைய தலைமுறையோடு ஒப்பிடுகிறார்கள்.

அப்படியானால் புதைபடிவங்களுக்கு இன்னும் தேவை இருக்கிறதா?

பெரிய மாற்றங்களுக்கு அவை இல்லாமல் முடியாது. மீனிலிருந்து நான்கு கால் உயிர்கள் வந்த காலத்துப் பாறையைத் தேடி நீல் ஷூபினின் குழு வட கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்குப் பல கோடைகளில் போனது. எந்த வயதுப் பாறையில், எந்த வகைப் படிவில் அப்படி ஓர் உயிர் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணித்துவிட்டுப் போனார்கள். 2004-இல் சுமார் 37.5 கோடி ஆண்டு பழைய டிக்டாலிக் கிடைத்தது: செதிலும் துடுப்பும் உண்டு, அசையும் கழுத்தும் மணிக்கட்டு போன்ற எலும்புகளும் உண்டு.

டிஎன்ஏ வந்தபின் களத்துக்குப் போகவே வேண்டாமா?

முன்னைவிட அதிகமாகப் போக வேண்டியிருக்கிறது. எந்த இடத்தில் தேர்வின் தடயம் இருக்கிறது என்று டிஎன்ஏ காட்டும். அது உயிருக்கு என்ன செய்கிறது என்று காட்டாது. திபெத்தியர்களிடம் ஈபாஸ்1 என்ற மரபணுவின் ஒரு வகை மிகப் பரவலாக இருப்பது 2010-இல் தெரிந்தது, அது டெனிசோவன் என்ற பழைய மனிதக் கூட்டத்திடமிருந்து வந்தது என்பது 2014-இல் தெரிந்தது. ஆனால் அது என்ன செய்கிறது என்பது, உயரத்தில் வாழ்பவர்களின் ரத்தத்தில் ஹீமோகுளோபினை அளந்துதான் புரிந்தது. மற்றவர்களுக்கு உயரத்தில் ரத்தம் தடித்துப்போகும் அளவுக்கு அது ஏறுகிறது. இந்த வகை இருப்பவர்களுக்கு அப்படி ஏறுவதில்லை.

ஆய்வாளர் அல்லாதவர்கள் உதவ முடியுமா?

தாராளமாக. 2009-இல் ஐரோப்பாவின் பல நாடுகளில் பொதுமக்கள் வரியுள்ள நத்தைகளின் ஓட்டு நிறத்தைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். வெப்பம் கூடியதால் வெயிலில் குறைவாகச் சூடாகும் மஞ்சள் ஓடு பெருகியிருக்கும் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்த்தார்கள். பொதுவாக அப்படி நடக்கவில்லை. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதும் முடிவுதான், அதையும் வெளியிட்டார்கள்.

நீங்கள் படம் எடுத்துப் பதிவேற்றுபவராக இருந்தால் இடமும் தேதியும் சரியாக இருக்கட்டும். அரிய உயிரை மட்டும் தேடாமல், தினமும் கண்ணில் படுவதையும் பதிவு செய்யுங்கள். லிவர்பூல் அருகே சிரில் கிளார்க் என்ற மருத்துவர் 1959 முதல் தன் பகுதியில் வெளிச்சப் பொறி வைத்து, விழுந்த மிளகுப் புள்ளி அந்துப்பூச்சிகளை ஆண்டுதோறும் எண்ணிவந்தார். தொடக்கத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் இருந்த கறுப்பு வகை 1990-களுக்குள் சிறுபான்மையானதை அந்த எண்ணிக்கை படிப்படியாகக் காட்டுகிறது.